சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு கையெழுத்து

பள்ளிக்கூட அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொன்ன அன்று, வீட்டுக்குப் போகிற ட்ராமை மூன்று தடவை தவறவிட்டேன். தரிப்பிடத்தில்தான் நின்றேன். கண்ணுக்கு முன்னால் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. நானோ கைத்தொலைபேசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், தனியாக நின்று பல்லைக் காட்டிச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டோர்ட்மண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆனால் ஆசிரியை என்பதற்கான முழுக் காகிதம் என்னிடம் இல்லை. இருந்தது கணிதத்தில் முதல் பட்டம் மட்டும். அதை வைத்துக்கொண்டு பதினொரு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, பிள்ளைப்பேற்று விடுமுறையில் போன ஓர் ஆசிரியைக்குப் பதிலாக ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஆசையில் விண்ணப்பித்தேன். எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒப்பந்தம் மட்டும் ஒவ்வொரு கோடை விடுமுறையோடும் முடிந்துவிடும். விடுமுறை தொடங்கும் நாளில் என் புத்தகங்கள், என் தேநீர்க் கோப்பை, சுவரில் ஒட்டிய படங்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு எல்லாரிடமும் விடைபெறுவேன். விடுமுறை முடிந்ததும் புது ஒப்பந்தம் ஒன்று வரும், அதே பையோடு திரும்பி வருவேன். போன தடவை ஒரு மாணவி, "நீங்கள் இன்னும் போகவில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

அதிபர் சொன்ன செய்தி இதுதான். பக்கத்து நகரப் பல்கலைக்கழகம் என்னைப் போன்றவர்களுக்காக ஒரு மாஸ்டர் படிப்பைத் தொடங்குகிறது. வேலை செய்துகொண்டே மூன்று வருடம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளி பின்னேரமும் சனி முழுநாளும் வகுப்பு. இந்தக் கோடைக்குப் பிறகு என்னுடைய இடத்துக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கப் போகிறார்கள். முழுத் தகுதி உள்ள ஒருவர் விண்ணப்பித்தால் இடம் அவருக்கு. நான் அந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டால், மூன்று வருடத்துக்கும் என்னையே வைத்திருக்க அதிபருக்கு வழி உண்டு.

"எனக்கு வேண்டியது நீங்கள்தான். ஆனால் எனக்கு வேண்டும் என்பதைக் கோப்பில் போட முடியாது" என்றார் அதிபர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுசி. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே தொடங்கிவிட்டேன். கணவர் பார்சல் நிலையத்தில் விடியக்காலை வேலை முடித்து வந்து, குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, நான் மாஸ்டர் செய்யப் போறன்!"

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ? ரீச்சரா இருக்கத்தான்."

"இப்பவும் அதைத்தானே செய்யிறீர்?"

கத்தரிக்காயில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் நானும் ட்ராமில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நாளைக்கும் அதே வகுப்பறை, அதே பின்னக் கணக்கு, அதே பிள்ளைகள். மாஸ்டர் முடித்தால் பின்னத்தை வேறு மாதிரியா கூட்டப் போகிறேன்?

ஒரு கிழமை இந்த வழக்கு நடந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் பயன், மறுபக்கம் நட்டம். பயன் பக்கத்தில் நான் எழுத எழுத, போகிற வருகிற நேரமெல்லாம் அவர் மறுபக்கத்தை நிரப்பினார். பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது? கலியாண வீடு, பிறந்தநாள் வீடு எல்லாம் சனிக்கிழமைதானே? மாஸ்டர் முடிய இன்னும் ஒன்றரை வருசம் பயிற்சி வேற இருக்காமே?

"எல்லாம் முடியேக்க மகளும் யூனிவர்சிற்றிக்குப் போயிடுவாள். தாயும் மகளும் ஒரே பஸ்ஸில போய் வரலாம்" என்றார்.

"போவம். உங்களுக்கென்ன பொறாமை?"

"எனக்கென்ன பொறாமை? சோறு கட்டித் தாறது நான்தானே."

என் மனம் முடிவானது அந்தத் தாளால் அல்ல. அந்தக் கிழமை பெற்றோர் சந்திப்பு இருந்தது. ஒரு தகப்பன் எனக்கு முன்னால் உட்கார்ந்து, மகனின் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் உண்மையான ஆசிரியையா, இல்லை பதிலுக்கு வந்தவரா?" பதிலுக்கு வந்தவள் என்றேன். "எவ்வளவு காலமாகப் படிப்பிக்கிறீர்கள்?" இரண்டு வருடம் என்றேன். கார் ஓட்டப் பழகுகிறவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் சிரித்துக்கொண்டே கை குலுக்கி அனுப்பினேன். உள்ளுக்குள் கொதித்தது கொதித்ததுதான். அன்று வீட்டுக்கு வந்து தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கற்பித்தல் அனுபவம், ஆகக் குறைந்தது மூன்று வருடம். இரண்டு வருடம் என்று எழுதினேன். மூன்றாவது வருடத்துக்குள் கால் வைத்துவிட்டேன்தானே, நல்ல பெறுபேறுகள் இருக்கின்றன, அதிபரின் கடிதம் இருக்கிறது, இரக்கப்படமாட்டார்களா என்று நினைத்தேன்.

ஜேர்மன் விண்ணப்பத்துக்கு இரக்கம் தெரியாது. மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. அனுபவம் போதாது. வேறு ஆதாரம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் அனுப்பவும், இல்லையென்றால் விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்படாது. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பாத்திரம் கழுவுவேன். அன்று கழுவிய பாத்திரங்களையும் மறுபடி எடுத்துக் கழுவினேன். கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் துடைக்கிற துணியை எடுத்தார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கடிதத்தை அதிபரின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"வேறு எங்கேயும் படிப்பித்ததில்லையா? ஒரு நிறுவனத்தில், ஒரு சங்கத்தில்?"

"இல்லை."

"சரி, யோசிப்போம். நாளைக்குக் காலை பத்து மணிக்கு வாருங்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பதில் எழுதுவோம்."

"நாளைக்கு முடியாது, எனக்கு வகுப்பு."

"என்ன வகுப்பு? என்ன படிக்கிறீர்கள்?"

"படிக்கவில்லை, படிப்பிக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம்."

அதிபர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எவ்வளவு காலமாக?"

"பதினான்கு வருடம்."

"இடைக்கிடையா?"

"இல்லை, ஒவ்வொரு சனியும். காலை ஒன்பதில் இருந்து பன்னிரண்டரை வரை."

"பாடத்திட்டம் உண்டா? சோதனை?"

"உண்டு. வருடத்தில் ஒரு பொதுச் சோதனை. தேர்ச்சி அறிக்கையும் எழுதுவோம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். அவர் குரல் இப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஏனென்றால் எங்கள் ஆட்களில் யாரும் அதை வேலை என்று சொல்வதில்லை. கிழமை நாளில் ஒருவர் தாதி, ஒருவர் சமையல்காரர், ஒருவர் வங்கியில். சனிக்கிழமை எல்லாரும் ரீச்சர், வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அதை மறந்துவிடுவோம். இருபத்துமூன்று வயதில் நான் போனதே, பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒரு ரீச்சருக்குப் பதிலாக, இரண்டு கிழமை பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருந்தால் போதும் என்று கேட்டதால்தான். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. அங்கேயும் நான் பதிலுக்கு வந்தவள்தான், பாருங்கள்! பத்து வருடப் பணிக்கு ஆண்டு விழாவில் ஒரு கேடயம் தந்தார்கள். எங்கள் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், கலியாணத்துக்கு வந்த கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவில் அது நிற்கிறது. அதைத் தூசி தட்டிவிட்டுத்தான் அந்த மேசையிலேயே உட்கார்ந்து, அனுபவம் இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறேன்.

"உங்கள் பள்ளிக்கூடப் பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எப்போதிருந்து, எத்தனை மணித்தியாலம், முத்திரையோடு" என்றார் அதிபர். நான் பறந்துதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கும்போதுதான் இடித்தது: அந்தக் கடிதத்தை நான் யாரிடம் கேட்க வேண்டும்?

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகியை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கிழமை நாளில் ட்ராம் ஓட்டுகிறவர். நேரத்தில் அவரைப் போல ஒரு வெறியரை நான் கண்டதில்லை. நாங்கள் சனிக்கிழமைக்கு இரவல் வாங்குகிற ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு சின்ன மேசை, அதில் ஆசிரியர் இடாப்பு. வந்த நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்பது மணி அடித்ததும் அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு கீறுவார், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் செய்கிற மாதிரியே. பிந்தி வந்தவர்கள் கோட்டுக்குக் கீழே.

ஒருமுறை பனி கொட்டி ட்ராமெல்லாம் தடைப்பட்டு, நான் ஒன்பது மூன்றுக்கு ஓடி வந்தேன். கோடு கீறியாயிற்று. எனக்கு வந்ததே கோபம்!

"நான் என்ன சம்பளத்துக்கே வாறன், அண்ணை?" என்று வாசலிலேயே கத்தினேன்.

"ரீச்சர், சம்பளம் இல்லாத இடத்திலதான் கோடு வேணும்" என்றார் அவர், பேனையை என் கையில் தந்துகொண்டு. ஒரு மாதம் அவரோடு வணக்கத்தைத் தவிர வேறு பேசவில்லை.

அவரிடம்தான் இப்போது போய்க் கடிதம் கேட்க வேண்டும். கடிதம் எதற்கு? மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வராமல் விடுவதற்கு. பதினான்கு வருடச் சனிக்கிழமைகளைக் காட்டி, இனி வரப்போகிற சனிக்கிழமைகளை வாங்கப் போகிறேன். வெட்கமாக இருந்தது. ஆசையும் விடவில்லை.

அடுத்த நாள் எட்டு நாற்பதுக்கே போய்விட்டேன். அண்ணை இடாப்பில் திகதி போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், அது பிழையாக ஓடுகிறதோ என்று. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"மாஸ்டர் வகுப்பு சனிக்கிழமையோ?" என்றார்.

"ஓம் அண்ணை. மாசத்தில ரெண்டு சனி. மூண்டு வருசம்."

"அப்ப நான் கடிதம் தந்தா, உங்கட ஏழாம் வகுப்புக்கு மாசத்தில ரெண்டு நாள் ரீச்சர் இல்லை."

"ஓம் அண்ணை."

அவர் பேனையை மூடினார். "புதன்கிழமை ரெண்டரைக்கு கடைசித் தரிப்பிடத்துக்கு வாங்கோ. அதில எனக்குப் பத்து நிமிசம் நிப்பு." அவ்வளவுதான். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்று ஏழாம் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். போகும்போது பார்த்தேன், அண்ணை கீழ்த்தள அலுமாரியைத் திறந்து பழைய இடாப்புகளை ஒவ்வொன்றாகத் தன் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை இரண்டு இருபத்தைந்துக்குக் கடைசித் தரிப்பிடத்தில் நின்றேன். இரண்டரைக்கு ட்ராம் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அண்ணை சீருடையோடு சாரதிக் கதவைத் திறந்து ஒரு கடித உறையை நீட்டினார். முன் இருக்கையிலேயே இருந்து பிரித்தேன். சுத்தமான ஜேர்மனில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்திருந்தார். தொடங்கிய நாள், வகுப்புகள், பாடங்கள், சோதனைகள், மணித்தியாலங்கள். எனக்குக் கண் நிறைந்தது. கடைசிப் பந்தியைப் படித்ததும் நிறைந்த கண் காய்ந்துவிட்டது.

"இந்த ஆசிரியை பதினான்கு வருடத்தில் ஒன்பது தடவை பிந்தி வந்தார். இருபத்தைந்து நாட்கள் வரவில்லை. அதில் இரண்டு பிள்ளைப்பேறுகளுக்குப் பதினாறு, சுகயீனம் ஏழு, காரணம் அறிவிக்காதவை இரண்டு."

"அண்ணை! இதை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனா உண்மை."

"காரணம் அறிவிக்காம ரெண்டு தரமோ? எப்ப?"

"ஒருக்கா ஸ்டுட்கார்ட்டில கலியாண வீட்டுக்குப் போனனீங்கள். மற்றது எனக்குத் தெரியாது, அதுதானே காரணம் அறிவிக்காததெண்டு எழுதினனான்."

"ஐயோ, இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்னைச் சேர்ப்பினமோ?"

"நல்லதை மட்டும் எழுதினா அது வாழ்த்துமடல், ரீச்சர். நீங்கள் கேட்டது அத்தாட்சி." கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். "இறங்குறதெண்டா இறங்குங்கோ, நான் வெளிக்கிடப் போறன்."

நான் இறங்கவில்லை. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு தரிப்பிடம் வந்தேன். இறங்கும்போது கேட்டேன்: "அண்ணை, பிள்ளையளுக்கு ஆர்?"

"அதை நான் பாக்கிறன். நீங்கள் அங்க நேரத்துக்குப் போங்கோ."

அடுத்த நாள் காலை அதிபருக்கு முன்னால் கடிதத்தை வைத்து, "கடைசிப் பந்தியை எடுத்துவிட்டு வேறு எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் வாசித்துக்கொண்டு போனார். கடைசிப் பந்திக்கு வந்ததும் சிரிப்பு வெடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"தொடவே கூடாது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்ல ஆசிரியை என்று எவரும் எழுதலாம். ஒன்பது தடவை பிந்தினார் என்று எழுத, பதினான்கு வருடமும் ஒருவர் வாசலில் நின்றிருக்க வேண்டும். இதை எப்படி நம்பாமல் விடுவார்கள்?"

நம்பினார்கள். கோடை விடுமுறைக்கு நான்கு நாள் இருக்கும்போது அனுமதிக் கடிதம் வந்தது. தபால் பெட்டிக்கு முன்னாலேயே நான் போட்ட கூச்சலில், மேல் மாடியில் இருக்கிற ஜேர்மன் மனுசி கதவைத் திறந்து, அவசர சிகிச்சை வண்டியைக் கூப்பிடவா என்று கேட்டார். விடுமுறைக்கு முந்திய கடைசி நாள், எல்லாரும் பைகளைக் கட்ட, நான் என் தேநீர்க் கோப்பையைக் கழுவி ஆசிரியர் அறைத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். புத்தகங்களை எடுக்கவில்லை. படங்களைக் கழற்றவில்லை. வெறும் கையை வீசிக்கொண்டு படியிறங்கினேன். அந்த நடைக்கே மூன்று வருடம் படிக்கலாம் என்று தோன்றியது.

ஒக்ரோபரில் முதல் சனிக்கிழமை. கணவர் கட்டித் தந்த புட்டோடு எட்டரைக்கே பல்கலைக்கழக வகுப்பறைக்குப் போய்விட்டேன். கதவு பூட்டியிருந்தது. திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய் முன் வரிசையில் இருந்தேன். மேசையில் வரவுத் தாள். என் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். எட்டு முப்பத்தாறு. அண்ணையின் சிவப்புக் கோடு இங்கே இருந்தாலும் அதற்கு மேலேதான்.

ஒன்பது பத்துக்குத் தொலைபேசி அதிர்ந்தது. அண்ணை ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆசிரியர் இடாப்பின் அன்றைய பக்கம். என் பெயருக்கு நேரே, எல்லாருக்கும் போடுகிற "வரவில்லை" இல்லை. "படிக்கச் சென்றுள்ளார்" என்று தன் அழகான எழுத்தில் எழுதியிருந்தார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே தனியாக ஒரு புதுக் கையெழுத்து, நேரம் ஒன்பது ஆறு. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எங்கள் கலியாணப் பதிவில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது அது. என்னத்துக்கு என்று கேட்ட மனுசன், எனக்கு ஒரு சொல் சொல்லாமல், ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கிறார். அதுவும் பிந்தி!

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் நீர் வேறு. அதற்குள் அறிமுகச் சுற்று என்னிடம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் நான்கு வருடம் என்று சொல்லி முடித்திருந்தார். விரிவுரையாளர் என் பக்கம் திரும்பி, நீங்கள் எவ்வளவு காலமாகப் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பதினான்கு வருடம்" என்றேன்.